ஆண்டு நிறைவுப் பின்பால் இயந்திரங்கள்: சலித்துப்போன சேகரிப்பாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சாய்ந்த பலகையில் எஃகுப் பந்தை ஓடவிட்டு மதிப்பெண் எடுக்கும் பின்பால் இயந்திரங்களைச் சேகரிப்பவர்கள் நான்கு பேர் கூடினால் ஐந்தாவது நிமிடத்தில் இந்தப் பேச்சு வந்துவிடும்: "நான் வாங்கி முடித்த பிறகு ஆண்டு நிறைவுப் பதிப்பு என்று இன்னொன்றை இறக்கிவிட்டார்கள்." மற்றவர்கள் என்னிடம் கேட்டவற்றையும், நானே என்னிடம் கேட்டுக்கொண்டவற்றையும் இங்கே தொகுத்திருக்கிறேன். நானும் ஒரு லிமிடெட் எடிஷன் வாங்கிச் சூடு பட்டவன். ஆகவே தகவல்களில் நடுநிலையை எதிர்பார்க்கலாம், கருத்துகளில் வேண்டாம்.

ஆண்டு நிறைவு என்கிறார்களே, யாருடைய ஆண்டு நிறைவு?

இந்தக் கேள்வியை முதலில் கேட்டவருக்கு ஒரு வணக்கம். ஏனென்றால் எரிச்சலின் வேர் இங்கேதான் இருக்கிறது. கொண்டாடப்படுவது அநேகமாக ஒருபோதும் இயந்திரத்தின் ஆண்டு நிறைவு அல்ல; அது எந்தப் படத்தை அல்லது பாத்திரத்தை ஒட்டிச் செய்யப்பட்டதோ அதன் ஆண்டு நிறைவு. ஜுராசிக் பார்க் படம் 1993-இல் வந்தது. ஸ்டெர்ன் நிறுவனத்தின் ஜுராசிக் பார்க் பின்பால் 2019-இல் வந்தது. 2023-இல் வெளிவந்த '30-ஆம் ஆண்டு நிறைவுப் பதிப்பு', நான்கே வயதான ஓர் இயந்திரத்தின் மேல் முப்பது என்று எழுதிக்கொண்டது. காட்ஜில்லா இன்னும் வேடிக்கை: 1954-ஆம் ஆண்டுப் படத்தின் 70-ஆம் நிறைவு, 2021-இல் வந்த ஆட்டத்தின் மேல் 2024-இல் ஏறியது.

இது புதிய பழக்கம் என்றும் சொல்லிவிட முடியாது. டேட்டா ஈஸ்ட் நிறுவனம் 1991-இல் வெளியிட்ட ஸ்டார் டிரெக் பின்பால், அந்தத் தொலைக்காட்சித் தொடரின் 25-ஆம் ஆண்டு நிறைவை ஒட்டித்தான் வந்தது. ஆனால் அங்கே இயந்திரமும் புதிது, கொண்டாட்டமும் புதிது. ஏற்கெனவே ஒன்றை வாங்கி வீட்டில் வைத்திருந்தவர் யாரும் இல்லை. இன்றைய கோபத்துக்கு அந்தக் கொண்டாட்டத்தில் இடமே இருந்திருக்காது.

உள்ளே ஆட்டமாவது புதியதா?

பெரும்பாலும் இல்லை. அதே பிளேஃபீல்டு, அதாவது பந்து ஓடும் அதே பலகை. அதே சரிவுப் பாதைகள், அதே பொம்மைகள், அதே விதிகள். மாறுவது ஓவியம், பேக்கிளாஸ் எனப்படும் தலைப்பெட்டியின் ஓவியக் கண்ணாடி, பக்கவாட்டு இரும்புப் பட்டைகளின் நிறம், ஓர் எண் பொறித்த தகடு. புதிய மொந்தை, பழைய கள். கள் நன்றாகத்தான் இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். காட்ஜில்லாவும் ஜுராசிக் பார்க்கும் கடந்த பத்தாண்டுகளின் மிகச் சிறந்த ஆட்டங்களில் சேர்பவை. மோசமான ஆட்டத்துக்கு ஆண்டு நிறைவு கொண்டாட எந்த நிறுவனமும் முன்வருவதில்லை.

ஒன்றைக் கவனித்திருக்கிறேன். ஜுராசிக் பார்க் 30, காட்ஜில்லா 70, சுறாப் படமான ஜாஸின் 50, ஜேம்ஸ் பாண்ட் 60 ஆகிய நான்கும் கீத் எல்வின் வடிவமைத்த ஆட்டங்கள். போட்டிகளில் உலக அளவில் வென்ற ஆட்டக்காரராக இருந்து வடிவமைப்பாளராக ஆனவர் அவர். எது திரும்பத் திரும்ப விற்கும் என்பது தொழிற்சாலைக்குத் தெரிந்திருக்கிறது.

புரோ, பிரீமியம், லிமிடெட் எடிஷன்... இதில் ஆண்டு நிறைவுப் பதிப்பு எந்தப் படியில் நிற்கிறது?

2010-களின் தொடக்கத்திலிருந்து ஸ்டெர்ன் ஒரே ஆட்டத்தை மூன்று விலைகளில் விற்கிறது. புரோவில் இயங்கும் பாகங்கள் குறைவு. பொது இடங்களில் காசு போட்டு ஆடுவதற்கு ஏற்றது. பிரீமியத்தில் முழு இயந்திர அமைப்பும் இருக்கும். லிமிடெட் எடிஷன் என்பது ஏறத்தாழ பிரீமியம்தான். அதன்மேல் தனி ஓவியம், கண்ணாடி போல் மின்னும் பேக்கிளாஸ், வண்ணப் பூச்சு, எண்ணிட்ட தகடு, கையெழுத்திட்ட சான்றிதழ். ஆண்டு நிறைவுப் பதிப்பு இவற்றுக்கு இடையில் எங்கோ நுழைகிறது. பொதுவாக பிரீமியத்தின் உடல், புதிய உடை.

இதைப் புரிந்துகொண்டால் அடுத்த கேள்வியின் வலியும் புரியும்.

நான் லிமிடெட் எடிஷனை முன்பணம் கட்டி வாங்கினேன். கொஞ்ச நாளிலேயே ஆண்டு நிறைவுப் பதிப்பு வந்துவிட்டது. என்னை ஏமாற்றிவிட்டார்களா?

சட்டப்படி இல்லை. ஆயிரம் செய்வோம் என்றார்கள், ஆயிரம்தான் செய்தார்கள். உங்கள் தகட்டில் உள்ள எண்ணை இன்னொரு தகட்டில் யாரும் பொறிக்கவில்லை. கொடுத்த வாக்கின் ஒவ்வொரு எழுத்தும் காப்பாற்றப்பட்டிருக்கிறது.

ஆனால் நீங்கள் வாங்கியது எழுத்தை மட்டும் அல்லவே. அந்த ஆட்டத்தின் ஆக உயர்ந்த வடிவம் இதுதான், இதற்கு மேல் ஒன்று வராது என்ற நம்பிக்கைக்கும் சேர்த்துத்தான் பிரீமியம் விலைக்கு மேல் சில ஆயிரம் டாலர் கொடுத்தீர்கள். அந்த நம்பிக்கையை யாரும் எழுதித் தரவில்லை என்பது உண்மை. அதை வளர்க்கும் விதமாகத்தான் எல்லாச் சொற்களும் தேர்ந்தெடுக்கப்பட்டன என்பதும் உண்மை.

ஜாஸ் இயந்திரத்தின் கதையை எடுத்துக்கொள்வோம். 2024 ஜனவரியில் புரோ, பிரீமியம், 1,000 லிமிடெட் எடிஷன் என்ற வழக்கமான மூன்று படிகளில் வந்தது. 2025-இல் 50-ஆம் ஆண்டு நிறைவுப் பதிப்பு வந்தது. படம் வெளியானது 1975-இல் என்பது 2024 ஜனவரியிலும் எல்லாருக்கும் தெரியும்; நாட்காட்டி யாரையும் திடுக்கிட வைப்பதில்லை. "அடுத்த ஆண்டு 50 வருகிறது, அதற்கும் ஒன்று செய்யக்கூடும்" என்ற ஒரே ஒரு வரி முதல் அறிவிப்பில் இருந்திருந்தால், காத்திருக்க விரும்பியவர் காத்திருப்பார், விரும்பாதவர் வாங்கியிருப்பார். இரண்டாம் பதிப்பு வந்ததைவிட அந்த ஒரு வரி இல்லாமல் போனதுதான் எனக்கு உறுத்துகிறது.

இடைவெளிகளையும் பாருங்கள். ஜுராசிக் பார்க்குக்கு நான்கு ஆண்டு. காட்ஜில்லாவுக்கு மூன்று. ஜாஸுக்கு ஒன்றரை ஆண்டுக்குள். நான்கு ஆண்டு என்றால் மனம் ஆறியிருக்கும், "சரி, புதியவர்களும் ஆடட்டும்" என்று தோன்றும். ஒன்றரை ஆண்டு என்றால் இயந்திரத்தோடு வந்த அட்டைப்பெட்டியைக்கூடச் சிலர் இன்னும் தூக்கிப் போட்டிருக்க மாட்டார்கள்.

'லிமிடெட்' என்ற சொல்லுக்கு இன்று ஏதாவது பொருள் இருக்கிறதா?

இருக்கிறது, ஆனால் ஒவ்வொரு முறையும் வேறு பொருள். ஸ்டெர்ன் லிமிடெட் எடிஷன்கள் 2020 வரை பெரும்பாலும் 500-ஐ ஒட்டி இருந்தன. ஜுராசிக் பார்க் 500, லெட் செப்பலின் 500. 2021-இல் மாண்டலோரியன் 750 ஆனது. அதே ஆண்டில் காட்ஜில்லா 1,000 ஆனது. தேவை கூடியதால் கூட்டினார்கள், அதில் குற்றம் காண முடியாது. ஆனால் 500 பேரில் ஒருவன் என்று நினைத்துப் பழகியவனுக்கு 1,000 என்பது வேறு கணக்கு. அதற்கு மேல் அதே ஆட்டத்துக்கு ஆண்டு நிறைவுப் பதிப்பும் வரும்போது, 'வரையறை' என்பது இயந்திரத்துக்கு அல்ல, ஓவியத்துக்கு மட்டும்தான் என்பது தெளிவாகிறது. நிறைய அச்சிட்ட புத்தகத்துக்கு அட்டை மட்டும் குறைவாக அச்சிடுவது போல.

எண்ணிக்கையையே அலங்காரமாக்கிய கதையும் உண்டு. 2018-இல் வந்த பீட்டில்ஸ் பின்பால் மொத்தம் 1,964 தான் என்றார்கள். அந்த இசைக்குழு அமெரிக்காவுக்கு முதன்முதலாக வந்த 1964-ஐக் குறிக்கும் எண். அதில் 1,614 கோல்டு, 250 பிளாட்டினம், 100 டைமண்ட். விலையைப் பற்றிப் பலர் முணுமுணுத்தார்கள். ஆனால் மொத்தக் கணக்கும் முதல் நாளே மேசைமேல் வைக்கப்பட்டிருந்தது. விலை பிடிக்காவிட்டாலும் அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

நிறுவனங்கள் ஏன் இப்படிச் செய்கின்றன? வெறும் பேராசையா?

பேராசை என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால் கொஞ்சம் பின்னோக்கிப் பார்த்தால் வேறு ஒன்றும் தெரிகிறது.

1992-இல் வந்த ஆடம்ஸ் ஃபேமிலி 20,270 இயந்திரங்கள் விற்றது. மின்னணுக் காலப் பின்பாலில் அதுவே சாதனை. வாங்கியவர்கள் பெரும்பாலும் ஆட்டக்கூடங்களையும் மது விடுதிகளையும் நடத்தியவர்கள். அவர்களுக்கு இயந்திரம் என்பது காசு விழும் பெட்டி. பக்கப் பட்டை சிவப்பா கறுப்பா என்று அவர்கள் கேட்டதில்லை. அந்தச் சந்தை சரிந்தது. 1996-இல் காட்லீப் என்ற பின்பால் நிறுவனம் மூடப்பட்டது. 1999-இல் வில்லியம்ஸ் நிறுவனம் பின்பாலை விட்டே விலகியது. அதே ஆண்டில் சேகாவின் பின்பால் பிரிவை கேரி ஸ்டெர்ன் வாங்கித் தன் பெயரில் தொடர்ந்தார். பின்னர் பத்தாண்டுகளுக்கு மேல், பெரிய அளவில் பின்பால் செய்தது உலகிலேயே ஏறத்தாழ அந்த ஒரே தொழிற்சாலைதான்.

இப்போது இயந்திரம் வீட்டுக்கு வருகிறது. வீட்டில் இடம் குறைவு. வாங்கியவர் ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பார். ஒரு புதிய ஆட்டத்தை வடிவமைத்து, பாகங்களுக்கு அச்சு வார்த்து, உரிமம் பெற்று, விதிகளை எழுதி முடிக்க ஆகும் செலவோ மிகப் பெரிது. ஏற்கெனவே செய்து முடித்த ஆட்டத்தை மறுபடி ஓட்டும்போது அந்தச் செலவில் பெரும்பகுதி இல்லை. புதிய ஓவியமும் புதிய பூச்சும் போதும். உரிமம் கொடுத்த படநிறுவனமும் அதே ஆண்டில் எல்லாப் பொருள்களிலும் 50 என்றோ 70 என்றோ முத்திரை குத்திக்கொண்டிருக்கும். அந்த அலையில் பின்பாலும் ஏறிக்கொள்கிறது.

அந்த இடத்தில் நான் இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பேன். ஆனால் முன்கூட்டிச் சொல்லியிருப்பேன்.

ஜேம்ஸ் பாண்ட் 60-ஆம் ஆண்டுப் பதிப்பின்மேல் மட்டும் ஏன் தனிக் கோபம்? அது புதிய ஆட்டம்தானே?

ஆமாம், இதுவரை சொன்ன குறைக்கு நேர் எதிரான குறை இது. முதல் பாண்ட் படம் 1962-இல் வந்தது. அறுபது ஆண்டு நிறைவுக்காக ஸ்டெர்ன் இரண்டு வெவ்வேறு ஆட்டங்களைச் செய்தது. ஒன்று ஜார்ஜ் கோமெஸ் வடிவமைத்தது. வழக்கம்போல் புரோ, பிரீமியம், லிமிடெட். இன்னொன்று எல்வின் வடிவமைத்தது. அதுதான் 60-ஆம் ஆண்டு லிமிடெட் எடிஷன், மொத்தம் 500. பழைய காலப் பாணியில் சரிவுப் பாதைகளே இல்லாத ஒற்றைத் தளம். மதிப்பெண் காட்ட உருளும் எண் சக்கரங்கள். டிஜிட்டல் திரைகள் வருவதற்கு முன் பின்பால் அப்படித்தான் இருந்தது.

யோசனை அழகானது. விலை? சுமார் 20,000 டாலர். சரிவுப் பாதைகளும் பல அடுக்குகளும் நிறைந்த இயந்திரங்களைவிட, வெறும் ஒற்றைத் தளம் கொண்ட இயந்திரம் அதிக விலைக்கு வந்ததைப் பலரால் ஏற்க முடியவில்லை. பழைய காலத்தின் எளிமையை அந்தக் காலத்தில் விற்றார்கள். இன்று அதே எளிமையை ஆடம்பரமாக விற்கிறார்கள் என்ற கசப்பு.

என் கருத்து கொஞ்சம் வேறு. மேலே சொன்ன நான்கு ஸ்டெர்ன் ஆண்டு நிறைவுப் பதிப்புகளில் உண்மையிலேயே ஒரு புதிய ஆட்டமாக வடிவமைக்கப்பட்டது இந்த ஒன்றுதான். ஓவியத்தை மாற்றி விற்றாலும் திட்டுகிறோம், புதிதாகச் செய்தாலும் திட்டுகிறோம் என்று நிறுவனத்தில் யாராவது தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தால் அவர் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. பாதி விலையில் இரண்டு மடங்கு எண்ணிக்கை செய்திருந்தால் அது பலருக்குப் பிரியமான இயந்திரமாகியிருக்கும். 500 என்று பூட்டியதால், ஆடிப் பார்க்காமலே கோபப்படுகிறவர்களின் கூட்டம்தான் பெரிதாகிவிட்டது.

ஆண்டு நிறைவுக் கணக்கே சில நேரம் இடிக்கிறதே?

இடிக்கும். காட்ஃபாதர் படம் 1972-இல் வெளியானது. ஜெர்ஸி ஜாக் பின்பால் நிறுவனம் அதன் 50-ஆம் ஆண்டைச் சொல்லிய இயந்திரத்தை அறிமுகப்படுத்தியது 2023-இல். ஊர்வலம் போன பிறகு மேளம் வந்த கதை. 2016-இல் பேட்மேன் 66 வந்தபோது, அது ஸ்டெர்ன் நிறுவனத்தின் 30-ஆம் ஆண்டு என்றும் சொல்லப்பட்டது. அந்தப் பெயரில் நிறுவனம் தொடங்கியதோ 1999-இல். 1986-இல் டேட்டா ஈஸ்ட் பின்பாலாகத் தொடங்கி, சேகா வழியாகக் கைமாறி வந்த வரலாற்றையும் சேர்த்து எண்ணினால்தான் முப்பது வரும். எண்ணலாம், தவறில்லை. தேவைப்படும்போது நீளும் கணக்கு என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மென்பொருளில் ஆண்டு நிறைவுக்காரருக்குத் தனிச் சலுகை உண்டா?

இங்கே பழைய உரிமையாளர்களுக்கு நல்ல செய்திதான். ஒரே ஆட்டத்தின் எல்லாப் படிகளுக்கும் பொதுவாக ஒரே மென்பொருள்தான் வருகிறது. மறுபடி ஓட்டும் ஆட்டம் என்றால் நிறுவனம் அதன் விதிகளைத் தொடர்ந்து மெருகேற்றுவதற்கு ஒரு காரணம் கிடைக்கிறது. அந்த மெருகு உங்கள் பழைய இயந்திரத்துக்கும் வரும்.

இதன் மறுபக்கத்தைப் பேட்மேன் 66 வாங்கியவர்கள் அனுபவித்தார்கள். அதன் சூப்பர் லிமிடெட் எடிஷன் வெறும் 80. அவ்வளவு அரிதான, அவ்வளவு விலை கொடுத்த பொருள், விதிகள் அரைகுறையாக இருந்த நிலையில் வீடு வந்து சேர்ந்தது. முழு ஆட்டமாக அது வளர ஆண்டுகள் பிடித்தன. பொறுமையோடு அதை வளர்த்தெடுத்தவர் லைமன் ஷீட்ஸ். மெடீவல் மேட்னஸ், அட்டாக் ஃப்ரம் மார்ஸ் ஆகிய ஆட்டங்களின் விதிகளை எழுதிய அதே மனிதர். 2022-இல் அவர் மறைந்தபோது பின்பால் உலகமே துக்கம் காத்தது. பேட்மேன் 66 இன்று கொண்டாடப்படும் ஆட்டம். முதல் ஆண்டில் அதை வாங்கியவரிடம் இதைச் சொன்னால் சிரித்திருப்பார்.

பின்னால் வரும் பதிப்பு தரத்தில் மேலானதா?

பல நேரம் ஆமாம். லிமிடெட் எடிஷன் வாங்கியவர்கள் கேட்க விரும்பாத பதில் இது, நானும் விரும்பவில்லை.

முதல் சில நூறு இயந்திரங்கள்தான் ஒரு வடிவமைப்பின் உண்மையான சோதனை. எந்தத் தாங்குகம்பி வளைகிறது, எந்தச் சுருள் சூடேறுகிறது, பந்து எங்கே சிக்கிக்கொள்கிறது என்பதெல்லாம் வீடுகளில் ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் ஆடிய பிறகே தெரியவரும். ஒரு பின்பால் பந்து 80 கிராம் எஃகு. அது ஒரு பிளாஸ்டிக் துண்டை எத்தனை முறை இடித்தால் உடையும் என்பதைத் தொழிற்சாலைச் சோதனை முழுவதுமாகச் சொல்லிவிடாது. இந்தப் புகார்கள் போய்ச் சேர்ந்து, அடுத்த சுற்று உற்பத்தியில் பாகங்கள் திருத்தப்படுகின்றன. ஆக, முதலில் வந்து அதிகம் கொடுத்தவர் சோதனை செய்து தருகிறார். பின்னால் வந்தவர் திருந்திய பொருளை வாங்குகிறார்.

ஜெர்ஸி ஜாக்கின் முதல் ஆட்டமான விஸார்ட் ஆஃப் ஆஸ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2013-இல் கைக்கு வந்தது; வாங்கியவர்கள் அதற்கு முன்பே நெடுநாள் காத்திருந்தார்கள். 1939-ஆம் ஆண்டுப் படத்தின் 75-ஆம் ஆண்டை ஒட்டி மாணிக்கச் சிவப்பில் ஒரு பதிப்பு வந்தது, அதற்குப் பிறகும் வேறு பதிப்புகள் வந்தன. ஆரம்பகால இயந்திரங்களின் விளக்குப் பலகைகள் தொல்லை கொடுத்தன. பின்னர் அவை மாற்றி வடிவமைக்கப்பட்டன. முதலில் வாங்கியவருக்கு மிஞ்சியது முதல் பதிப்பின் பச்சை நிறமும் பழைய பலகையும்.

என் சொந்த இயந்திரத்தில் பிளேஃபீல்டின் பூச்சு, ஒரு தூணின் அடியில் முதல் மாதத்திலேயே மேலெழுந்து சுருங்கியது. அதே ஆட்டத்தின் பிந்தைய சுற்றுகளில் அந்தத் தூணுக்கு அடியில் ஒரு சின்ன வளையம் சேர்த்திருக்கிறார்கள். சில காசு விலையுள்ள வளையம். நண்பர் வீட்டில் அதைப் பார்த்த அன்று நான் சரியாக ஆடவில்லை.

என் லிமிடெட் எடிஷனின் மறுவிற்பனை மதிப்பு விழுமா?

ஆட்டத்தைப் பொறுத்தது. ஆண்டு நிறைவுப் பதிப்பு வந்த மாதத்தில் பலர் பதற்றத்தில் விற்க வருவார்கள், விலை தளரும். பிறகு என்ன ஆகும் என்பதற்குப் பழைய உதாரணங்களே வழிகாட்டி.

ஆடம்ஸ் ஃபேமிலியின் விற்பனைச் சாதனையைக் கொண்டாட 1994-இல் 1,000 பொன்னிற இயந்திரங்கள் செய்தார்கள். (பாருங்கள், அது இயந்திரமே சாதித்ததற்காக இயந்திரத்துக்கு எடுத்த விழா. அப்படி ஒன்று வந்தால் நான் எழுந்து நின்று கைதட்டுவேன்.) பொன்னிறப் பதிப்பு இன்றும் சாதாரணத்தைவிட அதிக விலை போகிறது, அதனால் சாதாரண ஆடம்ஸ் ஃபேமிலியின் மவுசு குறையவில்லை. மெடீவல் மேட்னஸ் வேறு கதை. 1997-இல் 4,016 மட்டுமே செய்யப்பட்டு, எட்டாத உயரத்துக்கு விலை ஏறியிருந்தது. 2015-இல் சிகாகோ கேமிங் நிறுவனம் அதை மறுபடி உருவாக்கத் தொடங்கியபோது, ஆட மட்டும் விரும்பியவர்களுக்கு வேறு வழி திறந்தது. அசலுக்கு இருந்த தனி ஆட்சி முடிந்தது.

லாபத்துக்காகப் பின்பால் வாங்கியவர்களுக்கு என்னிடம் அனுதாபம் குறைவு. நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள, பழுதாகும், தூசி படியும், வீட்டில் கணிசமான இடத்தை அடைக்கும் பொருளைச் சேமிப்பு என்று யார் சொன்னது?

என் இயந்திரத்தையே ஆண்டு நிறைவுப் பதிப்பு போல மாற்றிக்கொள்ளலாமா?

ஓரளவு. பக்கப் பட்டைகளுக்கு விரும்பிய நிறத்தில் பவுடர் பூச்சு போட்டுக்கொள்ளலாம். உட்பக்கச் சுவர்களுக்கான ஓவியத் தகடுகள், நல்ல ஒலிபெருக்கி, ஒளியைப் பிரதிபலிக்காத கண்ணாடி ஆகியவை தனியாகக் கிடைக்கின்றன. மாற்ற முடியாதது பிளேஃபீல்டில் அச்சிட்ட ஓவியம். காட்ஜில்லா 70-இன் கறுப்பு வெள்ளைத் தோற்றம் மனதில் பதிந்துவிட்டது என்றால், வண்ணப் பலகைமேல் அதைக் கொண்டுவர வழி கிடையாது.

இயந்திரத்தின் தலையில் பொருத்தும் டாப்பர் தனிச் சோகம். பல ஸ்டெர்ன் இயந்திரங்களில் ஆக உயர்ந்த பதிப்பை வாங்கினாலும் டாப்பருக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். கட்டிவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டும்.

அறிவிப்பு வந்த அன்றே முன்பணம் கட்டலாமா?

பெரிய நிறுவனம், நம்பகமான விற்பனையாளர் என்றால் பணம் போய்விடும் பயம் குறைவு. புதிய நிறுவனம் என்றால் வேறு கதை. இந்தத் துறையில் பட்ட அடிகள் அதிகம். ஸ்கிட்-பி நிறுவனத்தின் பிரிடேட்டர் இயந்திரம், உரிமமே பெறவில்லை என்று தெரியவந்து 2015-இல் கைவிடப்பட்டது. ஏலியன் என்ற ஆட்டத்தைச் செய்த ஹைவே பின்பால் நிறுவனம் 2018-இல் வீழ்ந்தது. பணம் கட்டிய பலர் இயந்திரத்தைப் பார்க்கவே இல்லை.

பெரிய நிறுவனமே ஆனாலும் மூன்றைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: முன்பணம் திரும்பக் கிடைக்குமா, கிடைத்தால் எந்தத் தேதி வரை; இந்தப் பதிப்பில் டாப்பர் உண்டா; வரம்பு எண்ணிக்கைக்கா, காலத்துக்கா. கடைசிக் கேள்வி முக்கியம். 'இந்த ஆண்டு மட்டும்' என்பதும் 'இத்தனை மட்டும்' என்பதும் ஒன்றல்ல.

அப்படியானால் யார்தான் ஆண்டு நிறைவுப் பதிப்பை வாங்க வேண்டும்?

அந்த ஆட்டம் இதுவரை இல்லாதவர்; அந்தப் படத்தை நேசிப்பவர்; அந்த ஓவியம் பிடித்துப்போனவர். விதிகள் முதிர்ந்து, பாகங்கள் திருந்தி, ஆட்டம் நல்லதா என்பதும் ஊருக்கே தெரிந்த நிலையில் வாங்குகிறார். உண்மையில் எல்லாரிலும் புத்திசாலி அவர்தான், அவரைத் திட்டாதீர்கள். ஏற்கெனவே பிரீமியமோ லிமிடெட்டோ வைத்திருப்பவர் அதை விற்று இதை வாங்குவது மட்டும் எனக்குப் புரியாத கணக்கு. அப்படிச் செய்தவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கும் அந்தக் கணக்கு புரியவில்லை.

நிறுவனங்கள் என்ன செய்தால் இந்தக் கோபம் அடங்கும்?

லிமிடெட் எடிஷனை அறிவிக்கும் நாளிலேயே, இந்த ஆட்டத்துக்கு இன்னும் எத்தனை வடிவங்கள் வரலாம் என்று சொல்லலாம். சொல்ல முடியாவிட்டால், இத்தனை ஆண்டுகளுக்கு வேறு சிறப்புப் பதிப்பு வராது என்றாவது சொல்லலாம். ஆண்டு நிறைவுப் பதிப்பின் கழற்றி மாட்டக்கூடிய பாகங்களைப் பழைய உரிமையாளர்களுக்கும் விற்கலாம். திருத்தப்பட்ட பாகங்களை, முக்கியமாக அந்தச் சில காசு வளையங்களை, முதலில் வாங்கியவர்களுக்கு இலவசமாக அனுப்பலாம். கடைசியாகச் சொன்னதை மட்டும் செய்தால்கூட நான் பாதி புகாரை வாபஸ் வாங்கிக்கொள்வேன்.

மதிப்பு குறையாமல் இருக்கப் பெட்டியைப் பிரிக்காமலே வைத்திருக்கிறேன். சரிதானே?

எத்தனை மாதமாக? உத்தரவாதக் காலம் பெட்டிக்குள்ளும் ஓடிக்கொண்டிருக்கிறது. கப்பலிலும் லாரியிலும் வந்த வழியில் ஒரு கம்பி கழன்றிருந்தால், ஒரு திரை உடைந்திருந்தால், உத்தரவாதம் முடிந்த பிறகுதான் உங்களுக்குத் தெரியவரும். ரப்பர் வளையங்கள் ஆடினாலும் ஆடாவிட்டாலும் மெல்ல இறுகும். இன்றே பிரியுங்கள். கால்களைப் பொருத்தும்போது பின்பக்கத்தைத் தூக்கிப் பிடிக்க இன்னொருவர் வேண்டும். தனியாக முயல வேண்டாம். சரிவை 6.5 டிகிரிக்கு வைத்து, கண்ணாடியைக் கழற்றி, போக்குவரத்துக்காகக் கட்டிய பிளாஸ்டிக் பட்டைகள் எல்லாவற்றையும் வெட்டி எடுத்துவிட்டு, தூண்களின் அடியை ஒருமுறை விளக்கடித்துப் பாருங்கள். வளையம் இல்லாவிட்டால் முதல் பந்தை விடுவதற்கு முன்பே வாங்கிப் போட்டுவிடுங்கள்.